கிளாவர் ஏழு

எங்கள் மேடைக்குக் கால் இல்லை.
மிதக்கிற கப்பல் அது,
எண்ணெய் குடித்துக் குடித்து வயிறு வைத்தது.
ஆகவே பிலியட் மேசை இல்லை;
பந்தை நாங்கள் அடிக்கமுன்
அத்திலாந்திக் அடித்துவிடும்.
இருப்பவை:
பெடல் ஒன்று செத்த உடற்பயிற்சிச் சைக்கிள்,
ஹொக்கி தொடங்கினால் மட்டும் உறைந்துபோகிற ரீவி,
மூன்று வாரத்துக்கு ஒரு சீட்டுக்கட்டு.

இரவு ஷிப்ட் காலை ஏழுக்கு முடியும்.
மற்றவர்கள் முட்டைப் பொரியலோடு நாளைத் தொடங்க
நாங்கள் நாலு பேர் அதே பொரியலோடு
இரவை மடித்து வைப்போம்.
வால்வு பார்க்கிற நான்,
கிரேன் ஓட்டுகிற மெலிசா பென்னி,
முழங்கை வரை கோதுமை மாவோடு லியோ ஹைன்ஸ்,
ஒரு சொல்லுக்கு மேல் செலவழிக்காத வெல்டர் டூலி.

முந்நூற்றிநாலு சொல்லிக்கொடுத்தது நான்தான்.
இரண்டு பயணம் பிடித்தது.
ராசாவுக்கு மூன்று புள்ளி, வீரனுக்கு முப்பது என்றதும்
லியோ மேசையில் தட்டினான்:
"அந்த நாடு எங்கே? நானும் வாறன்."
துரும்பைக் கவிழ்த்து வைக்கவேண்டும் என்றதும்
டூலி சிரித்தான், முதன்முதலாய்.
மெலிசா 'கேள்வி' என்பதைத் தமிழில்தான் சொல்லுவாள்.
அவள் வாயில் அது 'கெல்வின்' ஆகும்,
கூப்பிட்டால் வந்துவிடுகிற
ஒரு மாமாவின் பெயர்போல.
கையில் ஒன்றுமில்லாமல் இருநூறு கேட்பாள்.

மார்கழியில் கிளாவர் ஏழு தொலைந்தது.
கட்டிலடி, சோபா இடுக்கு, லியோவின் மா வாளி,
எங்கும் இல்லை.
தேயிலைப் பெட்டி மட்டையை வெட்டி
டூலி பேனையால் ஏழு இலை கீறினான்.
ஒன்று கோணல்.
யார் கையில் இருந்தாலும் முதுகே காட்டிக்கொடுக்கும்:
மஞ்சள் கோப்பை, மேலே ஆவி.
புள்ளி இல்லாத சீட்டுத்தான், ஆனாலும்
அதை வைத்திருப்பவர்
சாரம் அவிழ்ந்ததுபோல் நெளிவார்.

மாசியில் மூடுபனி நாலு நாள் இறங்கிக் கிடந்தது.
ஹெலிகொப்டர் வரும் என்றார்கள். வராது என்றார்கள்.
ஆரஞ்சு உடுப்புக்குள் பாதி புகுந்து
பாதி கழற்றி, மறுபடி விளையாடினோம்.
சுகிர்தாவுக்குப் போன் எடுத்தால்
"மீனைத் திரும்ப ஃபிரிட்ஜுக்குள்ள வைக்கட்டோ?"
நாலு நாளும் அதைத்தான் கேட்டாள்.

சென் ஜோன்ஸ் வீட்டில்
இரவு இரண்டு மணிக்கு எனக்கு நடுப்பகல்.
ஹீட்டர் உறுமலில் கோளாறு தேடுவேன்.
மகள் பள்ளிக்குப் புறப்பட, படுப்பேன்.
"அப்பா கடலால வந்திட்டார்," என்று
யாருக்கோ சொல்கிறாள்,
"நித்திரையால இன்னும் வரேல்லை."

ஒரு வியாழன், டொப்செயில் வீதிக் கடையில்
உருளைக்கிழங்குப் பைகளுக்குப் பக்கத்தில் மெலிசா.
அவள் தலைமுடி அவ்வளவு நீளமென்று
ஆறு வருடமாய் எனக்குத் தெரியாது.
அவள் காலநிலை சொன்னாள்.
நானும் காலநிலை சொன்னேன்.
தள்ளுவண்டிகள் மூக்கு முட்டி நின்றன.
நிலம் கொஞ்சமாவது ஆடியிருக்கலாம்,
எதையாவது பிடித்துக்கொண்டு பேசியிருப்போம்.
பிறகு பேர்சைத் திறந்தாள்.
கிளாவர் ஏழு.
வேலை உடுப்போடு மூன்று தரம் துவைபட்டு
இலையெல்லாம் சாம்பல் நிறம்.
"ட்ரையருக்குள் கிடந்தது. அவர்களுக்குச் சொல்லாதே,
மாவாளியைக் கவிழ்க்கச் சொன்னது நான்தான்."
வாங்கிச் சட்டைப்பையில் வைத்தேன்.
இருவரும் ஒரே நேரத்தில்
வேறு வேறு வரிசைக்குப் போனோம்.

அடுத்த பயணம், முதல் காலை.
லியோ பகிர்ந்தான்.
மஞ்சள் கோப்பை டூலியிடம் போக, அவன் நெளிந்தான்,
லியோ இருமிச் சிரித்தான்.
என் பையில் உண்மையான ஏழு
நெஞ்சுமயிரைக் குத்திக்கொண்டிருந்தது.
மெலிசா என்னைப் பார்த்தாள்.
நான் என் சீட்டைப் பார்த்தேன்.

"கெல்வின்," என்றாள். "இருநூற்றிருபது."

கையில் ஒன்றும் இருந்திராது.
அவள்தான் எனக்குச் சோடி.