கப்பல்துறையில் திரும்பினால்

கப்பல்துறையில் இடப்பக்கம் திரும்பினால்
திருகோணமலை இல்லை.
அவ்வளவுதான்.
ஒரு சிக்னல், ஸ்டியரிங்கில் ஒரு சுற்று,
ஊர் முழுதும் வலப்பக்கக் கண்ணாடிக்குள் போய்
டவர் உச்சியின் சிவப்புப் பொட்டாக நிற்கும்.

நேரே போனாலும் தூரம் பெரிதில்லை.
நேரே போனால் அநுராதபுரச் சந்தி.
அங்கே லீசிங் கொம்பனிப் பொடியள்
ஹெல்மெட்டைக் கழற்றாமலே தேத்தண்ணி குடிப்பார்கள்.
கையில் ஒரு தாள், தாள் நிறைய நம்பர்கள்.
மூன்று தவணை விட்டவன்,
நாலு தவணை விட்டவன்.
நான் ஐந்து.

அதனால் எனக்கு இந்தப் புறவீதி.
தம்பலகாமத்தில் ஏற்றி
விடியுமுன் குச்சவெளியில் இறக்கவேண்டிய
பதினெட்டுக் கட்டி ஐஸ்.
உமி தூவி, சாக்குப் போர்த்தி, மேலே படங்கு.
என்ன செய்தாலும் சொட்டும்.
சாம்பல்தீவில் ஏறும்வரை பதினொரு நிமிஷம்,
எண்ணி வைத்திருக்கிறேன்.

ஏழு மாதமாய் டவுனைக் கண்டதில்லை.
பஸ் நிலையத்து மான்கள்
இப்போதும் சொப்பிங் பைக்குள் தலை விடுகின்றனவா, தெரியாது.
மகளின் பல்லுக்குக் கம்பி போடவேண்டும் என்றாள் மனிசி.
பஸ்ஸில் போய் வாருங்கோ என்றேன்.
அவள் என்னைப் பார்த்த பார்வைக்கும்
ஒரு புறவீதி இருந்தால் நல்லது.

இந்த வழியில் கடை கிடையாது.
யானை கடக்கும் இடம் என்ற பலகையில்
யானைக்கு யாரோ மீசை கீறியிருக்கிறார்கள்.
கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கு ஓர் அம்புக்குறி.
முதுகில் ஐஸ், பக்கத்தில் சுடுதண்ணீர்,
ஒவ்வொரு நாளும் சிரிப்பு வரும்,
ஒருநாளும் நிறுத்தியதில்லை.

நேற்று நிறுத்தினேன்.
மதகடியில் ஹெட்லைட்டுக்குள் ஒரு கை.
செயின் அறுந்த பைக், கழுத்தில் டை,
நெஞ்சில் தொங்கும் அட்டையில் கி. டிலக்சன்.
எழுத்து சின்னது.
கொம்பனியின் பச்சை மட்டும் பெரிது.
ஏறிய பிறகுதான் அந்தப் பச்சையைக் கண்டேன்.
தாள் அவன் மடியில் இருந்தது,
மடித்தபடி.

"சாம்பல்தீவில ஒரு த்ரீவீல் தூக்கணும் அண்ணை,
ஆறு மணிக்கு முன்னம் போகாட்டி
அந்தாள் ஹயருக்குப் போயிடும்."
நேரம் ஐந்து நாற்பது.

பட்டா லொறியின் இரண்டாம் கியர்
இவ்வளவு நீளமானதென்று எனக்குத் தெரியாது.
முனகியது. நானும் விட்டேன்.
"ஏன் அண்ணை மெதுவா?"
யானை, என்றேன்.
பற்றையில் ஒரு மயில்கூட இல்லை.
பின்னால் சொட்டு, சொட்டு,
பிறகு ஒழுக்கு.
சம்மாட்டி ஒன்றரைக் கட்டிக்குக் காசு கழிப்பார்,
வழியெல்லாம் கணக்குப் பார்த்தேன்.
கணக்கு எனக்கு எப்போதும் சரியாகத்தான் வரும்,
காசுதான் வராது.

அந்தாள் யாரோ.
என்னைப்போல் நாலோ ஐந்தோ.
இப்போது முகம் கழுவியிருப்பார்,
ஸ்டார்ட் ஆக மறுக்கும் வண்டியைத்
தள்ளிக்கொண்டிருக்கவும் கூடும்.
போ ஐயா, கெதியாய்ப் போ.

பொடியன் ஒன்றும் பேசவில்லை.
ஒருமுறை கைபேசியில் மணி பார்த்தான்,
ஒருமுறை என்னைப் பார்த்தான்.
பிறகு தாளை இன்னொரு மடிப்பு மடித்து
சட்டைப் பைக்குள் வைத்தான்.
அது களைப்போ, வேறேதுமோ.

சந்தியில் இறங்கும்போது ஆறு பத்து.
எதிரே ஒரு த்ரீவீல் போனது,
சிவப்பு, பள்ளிப் பிள்ளைகள் நிறைய.
அதுதானா என்று நான் கேட்கவில்லை,
அவனும் திரும்பவில்லை.

கை முழுக்கச் செயின் கிறீஸ்.
லொறியின் பின்பக்கம் போனான்.
கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன்,
கால் கிளட்ச்சில், மூச்சு எங்கேயோ.
படங்கின் நுனியில் ஒழுகும் தண்ணீரில்
இரண்டு கையையும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான்,
நம்பர் பிளேட்டுக்கு நேரே குனிந்து,
நெடுநேரம்.

"நல்ல குளிர் அண்ணை" என்றான்.
பின்கதவில் இரண்டு தட்டுத் தட்டினான்,
போகலாம் என்று.