கடைசியாக உயிருடன் காணப்பட்ட நேரம்

பொம்மையை முல்லைத்தீவில் வாங்கினேன்,
அறுநூற்றைம்பது ரூபா.
கண் மூடித் திறக்கிற வகை வேண்டாமென்றேன்.
கடைக்காரன் "மகளுக்கோ?" என்றான்.
ஓம் என்றேன்.

முத்தையன்கட்டு, வலதுகரை.
வீட்டுத்திட்ட வீடு, பூச்சில்லாத சுவர்,
கதவு பூட்டாத நிலையில் ஒரு சேலை.
குழந்தை மிதுஷா, எழுபத்தேழு நாள்.
வளர்ச்சிப் பதிவேட்டில் கோடு
பச்சைக்குள்தான் ஏறிக்கொண்டிருந்தது.
அதில் கடைசிப் புள்ளி வைத்த மருத்துவமாது
முற்றத்து வேம்பின் கீழே நிற்கிறா.
உள்ளே வரவில்லை.

அறை பத்தடிக்கு ஒன்பதரை.
யன்னல் ஒன்று, பலகை அடித்தது.
பாய். பாயின்மேல் நாலாய் மடித்த போர்வை.
போர்வைக்கும் சுவருக்கும் நடுவே நான்கு விரல்.
விரல் என்று எழுதக் கூடாது.
கொன்ஸ்டபிள் திலினி நாடாவைப் பிடிக்கிறாள்:
ஏழு சென்ரிமீற்றர்.
நுளம்புத்திரி எரிந்து முடிந்து
சாம்பல் சுருள் குலையாமல் கிடக்கிறது.
மூச்சை அடக்கிக்கொண்டு அதையும் படமெடுத்தோம்.

கடைசியாக உயிருடன் கண்டவர்?
"நான்தான்."
நேரம்?
சசிவதனிக்குத் தெரியாது. போனில் சார்ஜ் இல்லை.
"வயல் பக்கம் யானைவெடி கேட்டது.
பிள்ளை திடுக்கிட்டு
ரெண்டு கையையும் விரிச்சு
என்ரை சட்டையைப் பிடிச்சது.
பிறகு பால் குடிச்சது."

வாய்க்கால் வரம்பால் நடந்து காவல் கொட்டிலுக்குப் போனேன்.
மூன்று பேர் காவல். வெடி ஒன்றுதான்.
கொளுத்தியவன் யோகறூபன், தகப்பன்.
"ஒண்டு நாப்பது. ரோச் அடிச்சு மணி பாத்தனான்.
ஏன்?"
சொன்னேன்.
கொஞ்ச நேரம் குளத்தைப் பார்த்திருந்தான்.
"என்ரை வெடிக்கோ?"
1.40 என்று எழுதினேன். மற்ற இருவரும் ஒப்பமிட்டனர்.

குடும்ப வரலாறு, கேள்வி பதினொன்று:
பெற்றோரின் உடன்பிறந்தோர் எவரேனும்
குழந்தையாக இறந்ததுண்டா?
"தம்பி. ஐஞ்சு மாசம். மாத்தளனில."
என்ன காரணம் என்று கேட்க வேண்டும்.
அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.
"அப்ப ஒருத்தரும் ஒரு கேள்வியும் கேக்கேல்லை, சேர்."
அவளுக்கு அப்போது ஒன்பது வயதாயிருக்கும்.
நானும் அந்த மணலில்தான் இருந்தேன்,
அதைச் சொல்ல நான் சாட்சியில்லை.
பெட்டிக்குள் ஓம் என்ற சொல்
இடிபட்டுக்கொண்டு அடங்கியது.

பிறகு பையைத் திறந்தேன்.
பிள்ளையைக் கிடத்தினபடி ஒருக்கால் கிடத்துங்கோ.
வாங்கிக் கையில் தூக்கிப் பார்த்தாள்.
"இது பாரமில்லை."
தெரியும், அம்மா.
பிடரிக்குக் கை கொடுத்துத்தான் கிடத்தினாள்.
படம் ஒன்று.

இனிக் கண்டபடி வையுங்கோ.

திலினி முழங்காலில் இருந்து
தனக்குத் தெரிந்த தமிழில் "நான் திருப்பவா?" என்றாள்.
இல்லை, கண்டவர்தான் வைக்க வேண்டும்.
சட்டம் அப்படி. குரலும் எனக்கு அப்படியே வந்தது.
முகம் குப்புறத் திருப்பினாள்,
கமெரா விழிக்க முன்னமே மலர்த்திவிட்டாள்.
திரும்பவும் அப்படியே.
மூன்றாந்தரம் எடுத்த படத்தில்
பொம்மை தெளிவு, அவளின் கை மட்டும்
புகைபோல இழுபட்டிருக்கிறது.
அந்தப் படத்தைத்தான் இணைத்து அனுப்பினேன்.

ஏழாவது கிழமை வைத்தியரின் அறிக்கை வந்தது.
நுரையீரல், இதயம், இரத்தம், இரைப்பையில் இருந்த பால்
எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார்கள்.
காரணம் கண்டறியப்படவில்லை.
எழுத்துக் கூட்டுவதுபோல வாசித்தாள், இரண்டு தரம்.
"அப்பிடியெண்டால் நான் இல்லைதானே?"

அந்த வசனம் யாரையும் சொல்லவில்லை.
யாரையும் இல்லை என்றும் சொல்லவில்லை.

ஓம் என்றேன்.

யோகறூபன் இப்போது வெடி போடுவதில்லையாம்.
தகரம் தட்டுகிறான்.
யானைகள் அதற்குப் பயப்படுவதில்லை,
வரம்பில் நின்று கேட்டுவிட்டு
ஆறுதலாக இறங்குகின்றன.