ரப்பர், பல அளவுகள்

விளக்கு மாட்டத்தான் கூப்பிட்டார்கள்.
ஜாலான் துன் எச்.எஸ்.லீயில் ஒரு பழைய பூட்டுக்கடை மாடி,
இப்போது சுவரெல்லாம் வெள்ளையடித்து
கேலரி என்கிறார்கள்.
ஏணி என்னுடையது. டிரில்லும்தான்.
நாளுக்கு நூற்றெண்பது வெள்ளி, சாப்பாடு நம் செலவு.

தரை முழுக்கச் செருப்பு.
ஜப்பான் சிலிப்பர், பள்ளிக்கூடச் சப்பாத்து,
குதிகால் உயர்ந்தது ஒன்று,
குழந்தையுடையது இரண்டு, இரண்டும் இடது கால்.
எதற்கும் ஜோடி இல்லை.
மூன்று வருடம் முன்பு
பேரணி கலைந்த இரவில்
குப்பை லாரிக்கு முன்னால் ஓடி ஓடி
சாக்கில் பொறுக்கினாராம் யீ வென்.
இருநூற்றுப் பன்னிரண்டு, நானே எண்ணினேன் என்றார்.

அன்று போலீஸ் கணக்கு நாலாயிரம்.
ஏற்பாட்டாளர் கணக்கு ஐம்பதாயிரம்.
வானொலிச் செய்தியில் 'சிலர்'.

அந்தச் சிலரில் நான் ஒருவன்.

துன் பேராக் முனையில் தண்ணீர் பீய்ச்சினார்கள்,
கண்ணுக்குள் மிளகாய் அரைத்தது.
மங்கையர்க்கரசியின் கை என் கையில் இருந்தது.
யார் முதலில் விட்டது என்பதில்
இன்றுவரை எங்களிடம் இரண்டு கதை.
மஸ்ஜிட் ஜாமேக் ஸ்டேஷனில்
பாதி இறங்கிவிட்டிருந்த இரும்புக் கதவுக்குக் கீழே
குனிந்து நுழைந்தேன்.
செந்தூலில் இறங்கும்போதுதான் பார்த்தேன்,
வலது கால் வெறுங்கால்.

அது
மூன்றாம் வரிசையில் கிடந்தது.
வார் அறுந்த இடத்தில் சிவப்பு ஒயர்,
ஒன்றரை மில்லி, என் கைமுறுக்கு.
இந்த ஊரில் வேறு யாரும் போடாத முடிச்சு.
கோபம் வரவில்லை.
ஏணி உச்சியில் நின்றுகொண்டு
சௌக்கியமா என்று கேட்கத் தோன்றியது.

கீழே சின்னப் பலகை:
தலைப்பில்லை. ரப்பர், தோல், துணி. பல அளவுகள்.
கலைஞரின் சொந்தச் சேகரிப்பிலிருந்து.
தொடாதீர்கள்.

செய்தித் தளத்திலிருந்து ஒரு பையன் வந்தான்.
தரையில் குப்புறப் படுத்துக் கேமராவைச் சரித்து,
"அண்ணே, வெளிச்சம் இன்னும் கொஞ்சம் சோகமா கிடைக்குமா?"
சோகம் எத்தனை வாட் என்று கேட்கவில்லை.
மஞ்சளைக் குறைத்துக் கொடுத்தேன்.
முப்பது நொடி வீடியோ, பின்னால் ஒரு வயலின்.
மதியத்துக்குள் எண்பதாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள்.
அன்று தெருவுக்கு வந்தவர்களைவிட அதிகம்,
யாருடைய கணக்குப்படி பார்த்தாலும்.

திறப்பு விழாவுக்கு வங்கிக்காரர்கள் பணம் போட்டிருந்தார்கள்.
பளபளக்கும் சப்பாத்துகள்
வரிசைகளின் ஓரமாகப் பக்குவமாக நடந்தன.
நம் வீட்டு வாசலில் இத்தனை செருப்பு கிடந்தால்
உள்ளே கல்யாணம்,
இல்லையென்றால் சாவு.
இங்கே உள்ளே என்ன?
வெட்டிய மாம்பழத்தைத் தட்டில் வைத்து நீட்டினார்கள்.

மங்கைக்குப் படம் எடுத்து அனுப்பினேன்.
உடனே அழைத்தாள்.
"என்னோடது இருக்கா பாரு. பச்சை. பட்டையில ஒரு பூ."
நான்கு பச்சை இருந்தது. பூ வைத்தது இல்லை.
"நல்லா பாருலா."
நன்றாகத்தான் பார்த்தேன்.
பக்கத்தில் கிளாஸ் கழுவும் சத்தம் கேட்டது,
அவள் கடையில் அது கூட்ட நேரம்.
"அப்போ நான் அன்னைக்கு வரவே இல்லையா?"

எல்லாரும் போன பிறகு
டிரில்லைப் பெட்டியில் வைத்தேன்.
பையில் ஒரு விளக்கு மிச்சமிருந்தது.
மறுபடி ஏணி போட்டு ஏறி
என் சிவப்பு முடிச்சுக்குப் பக்கத்தில்
வெறும் தரையில்
ஒரு பாதம் அளவுக்கு வட்டமாக
வெளிச்சம் விழும்படி அதை மாட்டிவிட்டு
கடைசி ரயிலைப் பிடித்தேன்.

வியாழக்கிழமை யீ வென் போன் செய்தார்.
எல்லாரும் அந்தக் காலி இடத்தைச் சுற்றித்தான் நிற்கிறார்களாம்.
ஒரு பத்திரிகையில் அதைப் பற்றி மட்டுமே
அரைப் பக்கம் எழுதியிருக்கிறார்களாம்.
அது யார் யோசனை என்று கேட்டார்.

ஒயரிங் தப்பு என்றேன்.