பூச்சியத்தைச் சேர்ப்பதா

தரம் எட்டு, பயிற்சி பதினேழு, மூன்றாம் கணக்கு:
உமது வீட்டிலிருந்து பத்து நாள் தரவு திரட்டுக.
துலக்சி கோழி முட்டையை எழுதினாள்.
சங்கவி மின்மானியை.
எங்கள் வீட்டில் எண்ணக்கூடியது
அப்பா வாவியிலிருந்து கொண்டுவரும் இறால்தான்.

கொப்பியின் பின்பக்கம் கோடு போட்டேன்.
மூன்று கிலோ. ஐந்து.
மூன்றாம் நாள் வாடைக்காற்று,
வலையிறவுப் பாலத்துக்குக் கீழே
தோணி கவிழ்ந்தபடியே கிடந்தது.
மறுகா மூன்று.
மறுகா, யாரும் கேளாமல், பதினொன்று!
அன்று தம்பி மூன்று தரம் சோறு கேட்டான்.
மூன்று. நான்கு.
எட்டாம் நாள் முழுக்க வலை பொத்தினார்.
ஆறு. ஐந்து.

வீச்சு என்றால்
பெரியதிலிருந்து சிறியதைக் கழிப்பது.
பதினொன்று என்று அப்பாவிடம் சொன்னேன்.
"என்ட வீச்சு எட்டு முழம் புள்ள,
அதுக்கு மேல கை எழும்பாது" என்றார்.

ஆகாரம் என்றால் அடிக்கடி வருவது.
மூன்று.
மூன்று கிலோவுக்கு என்ன ஆகாரம் என்று
எங்கள் சட்டிக்குத் தெரியும்.

இடையம், வரிசையில் நடுவே நிற்பவரைப் பிடிப்பது.
பத்துப் பேர் நின்றால் நடுவில் ஆளில்லை,
இருவருக்கும் இடையில்
இல்லாத ஒருவரை நாமே நிறுத்த வேண்டும்.
மூன்றரை.
அப்படியொரு நாள் வந்ததே இல்லை.

இடையில்தான் சிக்கல்.
கூட்டினால் நாற்பது. எத்தனையால் வகுப்பது?
அம்மா அரிசி அரித்தபடி திரும்பினா.
"ஆத்துக்குப் போகாத நாளையும் எழுதுவாங்களா?
அத விடு. எட்டால பிரி."

அழிறப்பர் எடுத்து
இரண்டு பூச்சியத்தையும் அழித்தேன்.
ஐந்து. மீதியில்லை, தசமமில்லை,
பார்க்க அழகான விடை.
எங்கேயோ முன்பே பார்த்த விடை.

அலுமாரி மேல்தட்டில், குடும்ப அட்டைக்குக் கீழே,
கடன் கம்பனியின் மஞ்சள் படிவம்.
நாளொன்றுக்குச் சராசரிப் பிடி: ஐந்து கிலோ.
கிழமைக்கு முப்பத்தைந்து.
அதற்கு நேர் விகிதசமனாய் ஒரு தவணை.
அம்மாவின் கையொப்பத்தில், கடைசி எழுத்தில்,
பேனை கொஞ்சம் நின்று மை ஊறியிருந்தது.

பத்தால் வகுத்தால் நான்கு.
கிழமைக்கு இருபத்தெட்டு.
இரண்டுக்கும் நடுவே ஏழு கிலோ இறால்
எந்தத் தண்ணீரிலும் நீந்தவில்லை,
எந்த வலையிலும் படவில்லை.
அந்த ஏழைத்தான்
செவ்வாய்க்குச் செவ்வாய் கேட்டு வருகிறார்
தொப்பியைக் கழற்றாத மோட்டார்சைக்கிள்காரர்.

நான்காம் கணக்கு, நிகழ்தகவு.
நிச்சயமாக நிகழ்வதற்கு ஓர் உதாரணம் தருக.
சூரியன் கிழக்கே உதிக்கும்
என்று முழு வகுப்பும் எழுதும்.
நான் எழுதினேன்:
செவ்வாய் காலை வாசலில் ஹோர்ன் அடிக்கும். ஒன்று.

நாளைக்கு அப்பா வெறுங்கையோடு வருவதற்கு
பத்தில் இரண்டு.
சுருக்கினால் ஐந்தில் ஒன்று.
சுருக்கியதும் சின்னதாய்த் தெரிந்தது.
பெறுமானம் மாறாது என்று
டீச்சர் சொல்லியிருக்கிறா.

அழித்த இடத்தில் தாள் மெலிந்து
இரண்டு வட்டமும் இன்னும் தெரிந்தன.
அவற்றின் மேலேயே பேனையால் எழுதினேன்.
இடை: நான்கு.

அம்மா வந்து பார்த்தா.
ஏன் என்று கேட்கவில்லை.
ஈரக் கையைச் சட்டையில் துடைத்து
என் பென்சிலை வாங்கி, பின்மட்டையில்
ஏழு என்று எழுதி, பெருக்கல் குறி போட்டு,
அப்படியே நின்றா.

"வருசத்துக்கு அம்பத்திரண்டு கிழமைதானே புள்ள?"

ஓம், என்றேன்.