கால் சுற்று

பால்பல்தானே, விழத்தானே போகிறது
என்று சொன்னவன் நான்.
டிராம் டிப்போவின் கழிப்பறைச் சுவரில் சாய்ந்தபடி,
தொலைபேசியில், டோப்ராவாவிடம்.
காசைக் கரியாக்காதே என்றும் சொன்னேன்.
அவள் பேசாமல் வைத்துவிட்டாள்.
மறு வாரமே நாள் வாங்கிவிட்டாள்.

ஏழு வயது நல்ல வயது, என்றார் டாக்டர் கிங்கா.
காலினாவின் கன்னத்தை ஒற்றை விரலால் ஒதுக்கி
கடி, என்றார்.
கடித்தாள்.
மேல்வரிசை கீழ்வரிசைக்கு உள்ளே போய் விழுந்தது,
பெரிய பானைக்குச் சின்ன மூடி போட்டதுபோல.
தாடை ஒரு பக்கமாய் நழுவி
உட்கார இடம் தேடியது.
ஏழு வருடம் முத்தமிட்ட முகம் அது.
அந்தக் கோணலை
அவள் சிரிப்பென்றே நினைத்திருந்தேன்.

எக்ஸ்ரே படத்தில்
பால்பற்களுக்கு மேலே, எலும்புக்குள்,
பெரிய பற்கள் நெருக்கியடித்து நின்றன,
முதல் வண்டிக்குக் காத்திருக்கும் கூட்டம் மாதிரி.
ஒன்று மட்டும் பக்கவாட்டில் திரும்பி
யாரையோ தேடிக்கொண்டிருந்தது.

அண்ணத்தின் நடுவே ஒரு தையல் உண்டு,
இன்னும் இறுகவில்லை, என்றார்.
இறுகிய பிறகு வந்திருந்தால்
கத்தியோடு பேச வேண்டியிருக்கும்.

எங்கள் ஊர்த் தண்டவாளம் குறுகல்.
ஒரே ஒரு மீட்டர்.
பத்தொன்பது வருடமாக அதன்மேல் ஓட்டுகிறேன்.
பதித்த இரும்பு ஒரு விரல் அகலம்கூட விலகாது.
எலும்பு விலகுமாம்,
கேட்கிற வயதில் கேட்டால்.

வூட்ச் என்றால் எங்கள் மொழியில் படகு.
படகு விட ஓர் ஆறுதான் இல்லை.
டார்ச் அடித்து அவள் வாய்க்குள் பார்த்த இரவில்
கவிழ்த்துப் போட்ட படகொன்றைக் கண்டேன்.
ஒடுங்கிய படகு. நடு முதுகில்
கால் பரப்பிய இரும்புச் சிலந்தி.
அதன் வயிற்றில் ஊசித் துளை.
துளைக்குள் சாவியை விட்டு
முன்னிருந்து பின்னுக்கு, தொண்டைப் பக்கமாக,
அடுத்த துளை தெரியும்வரை.
ஒரு கால் சுற்று. ஓர் இரவுக்கு ஒன்று.
முதல் தடவை என் கைதான் நடுங்கியது.
'மூக்குக்குள்ளே யாரோ தள்ளுறாங்க' என்றாள் அவள்.
அவ்வளவுதான். பிறகு கார்ட்டூன் கேட்டாள்.

முதல் வாரம் அவளுக்கு ஷ வரவில்லை.
எங்கள் மொழியில் ஷ இல்லாமல்
ஒரு வாக்கியம் தாண்டுவது கஷ்டம்.
பள்ளிக்கூடத்தில் ஷ இருக்கிறது.
இன்னும் வேண்டும் என்பதிலும் இருக்கிறது.
கையை நீட்டித்தான் இன்னொரு அப்பம் கேட்டாள்.

ஒரு வாரம் அவள் அம்மா வீடு, ஒரு வாரம் என் வீடு.
பென்சில் டப்பாவில் நீலப்பிடிச் சாவி.
கூடவே கோடு போட்ட நோட்டு:
தேதி, ஒரு டிக்.
டோப்ராவாவின் டிக் ஊசிபோல நிமிர்ந்து நிற்கும்.
என்னுடையது படுத்துக் கிடக்கும்.

பன்னிரண்டாம் இரவு டப்பாவில் சாவி இல்லை.
ரப்பர் இருந்தது, ஒரு கஷ்கொட்டை இருந்தது,
சாவி இல்லை.
மணி ஒன்பதே முக்கால்.
ஒரு நாள் விட்டால் பாதகமில்லை,
மறுநாள் சேர்த்து இரண்டாகச் சுற்றிவிடாதீர்கள்
என்று டாக்டர் சொன்னது நினைவிருந்தது.
அதையே போனில் சொன்னேன்.
இந்தத் தடவையும் அவள் பேசாமல் வைத்துவிட்டாள்.

பத்தரைக்கு வந்து நின்றாள்,
பனி ஒட்டிய கோட்டோடு.
உள்ளங்கையில் சாவி, சூடாக இருந்தது.
இரண்டு வருடமாய் அவள் மிதிக்காத குளியலறை.
தூங்கி விழும் குழந்தையை
வாஷிங் மெஷின்மேல் உட்காரவைத்தோம்.
அவள் டார்ச் பிடித்தாள். நான் சுற்றினேன்.
'முழுசா' என்றாள்.
'தெரியுது' என்றேன்.
வேறொன்றும் பேசவில்லை.
நோட்டில் டிக் போடப் போனால் பேனா எழுதவில்லை.
தன் பையிலிருந்து ஒன்றை எடுத்துத் தந்தாள்,
கடைசி பஸ்ஸுக்கு ஓடினாள்.

இன்று காலை
காலினாவின் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே
ஒரு கோடு திறந்திருந்தது.
கண்ணாடியில் பார்த்து மிரண்டாள்.
அப்புறம் நாக்கை அங்கே வைத்து ஊதினாள்.
விசில் வந்தது.
பள்ளிக்குப் போகும் வழியெல்லாம்
என் வண்டியில், எனக்குப் பின்னால்,
ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஊதினாள்.

பேனாவை இன்னும் திருப்பித் தரவில்லை.