இரண்டு பெட்டி, ஏழடி நூல்

முதல்ல ஒருக்கா கைதட்டிப் பாருங்க, மிஸ்.
கேட்டதா?
கை நின்ற பிறகும்
சுவர் தட்டிக்கொண்டு நிக்குது.
கல்லடியில் கட்டுகிற புது வீடெல்லாம் இப்படித்தான்:
வழுக்குகிற டைல்ஸ், வெறும் சுவர்,
சீலை போடாத ஜன்னல்.
பெட்டியில குறையில்ல.
வீடுதான் கூடச் சேர்ந்து பாடுது.

ஒரு பாய் விரியுங்க. தடித்த திரை ஒண்டு.
புத்தக அலுமாரியை இஞ்சால தள்ளினால் இன்னும் நல்லம்.
புதுசா ஒண்டும் வாங்க வேணாம்.
வாங்கச் சொன்னால் எனக்குத்தான் லாபம்,
அதனாலதான் சொல்லல்ல.

கத்தாரிலிருந்து கணவர் அனுப்பினது.
மூலைக்கு ஒன்றாய் வைத்திருந்தார்,
ஒன்றின் தலையில் பூச்சாடி,
மற்றதில் திருத்தாத பரீட்சைத் தாள்கள்.
மூலையில் பெட்டி வைத்தால்
அடித்தொனி ஊதிவிடும்,
சாப்பிட்டுப்போட்டு உடனே கதைக்கிற ஆள் மாதிரி.
ஒரு முழம் முன்னால் இழுத்தேன்.
பின்னால் பல்லிமுட்டை, ஐந்து ரூபாய்க் குற்றி,
கடல் உப்பில் பச்சை பிடித்த வயர் நுனி.

வெட்டி எறிந்தேன்.
அரை அங்குலம் புதுச் செம்பு மினுங்கியது.
கடலுக்கும் வாவிக்கும் நடுவில இருக்கிறவங்க
வருசத்துக்கு ஒருக்கா
வயருக்கும் முடி வெட்டணும், மிஸ்.
சிவப்புக்குச் சிவப்பு. கறுப்புக்குக் கறுப்பு.
ஒரு பக்கம் மாறிக் கிடந்தது:
ஒன்று தள்ள, மற்றது இழுக்க,
தபேலா நடுவில் காணாமல் போயிருந்தது.

அம்ப்ளிபயருக்கு மேல துணி போடாதீங்க,
அதுக்கும் வேர்க்கும்.
கரண்ட் விட்டு விட்டு வந்தால் பிளக்கைக் கழற்றுங்க.

மறுகா நூல் பிடித்தேன்.
பெட்டிக்கும் பெட்டிக்கும் ஏழடி.
பெட்டிக்கும் கதிரைக்கும் ஏழடி.
“இதில இருங்க. இப்ப பாருங்க,
பாடுறவர் டிவிக்கு மேல வந்து நிப்பார்.”

சந்திரவதனி மிஸ் இருந்தார்.
பாட்டு ஓடியது.
மெல்ல முகத்தை இடப்பக்கம் திருப்பி
வலது காதை முன்னால் நீட்டினார்.
“ஒருத்தரும் வரல்லையே, தம்பி.”
பிறகு,
வீட்டுவேலை செய்யாத பிள்ளையின் குரலில்:
“இடது காது எனக்குக் கேளாது.
அஞ்சாம் வகுப்பில ஒரு காய்ச்சல்.”

பதினாறு வருசத் தொழில்.
காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி,
எத்தனை ஹோலில் இந்த நூலைப் பிடித்திருப்பேன்!
இருக்கிற ஆளிடம்
எத்தனை காது என்று கேட்டதேயில்லை.

நூலைச் சுருட்டிச் சட்டைப்பைக்குள் வைத்தேன்.
அம்ப்ளிபயரின் முகத்தில்
ஒருவரும் தொடாத சின்னப் பொத்தான்.
தூசு துடைத்தால் எழுத்துத் தெரியும்: மோனோ.
அழுத்தினேன்.
இப்போது இடதும் வலதும்
எந்தப் பெட்டியிலும் முழுசாய்.

“இந்தப் பாட்டில புல்லாங்குழல் இருக்கா?”

பஸ்ஸில் இத்தனை வருசம்
ஒரு பக்க இயர்போனில் கேட்ட பாட்டாம்.
குழல்காரர் மற்றப் பக்கத்தில்
வீணாய் ஊதிக்கொண்டிருந்திருக்கிறார்.
ஃபோனை வாங்கி செட்டிங்கில் தேடினேன்.
அதிலும் அந்தப் பொத்தான் இருக்கிறது,
அணுகல் என்ற பகுதிக்குள்
அடி மட்டும் இறங்கிப் போகவேணும்.

அப்ப இந்த மற்றப் பெட்டி எதுக்கு என்றார்.
நீள வயர் இருந்தது.
குசினியில், அரிசி வாளிக்கு மேல் தட்டில் ஏற்றினோம்.
எண்ணெய் தெறிக்காத தூரம் வேணும், மிஸ்,
அடுப்பிலிருந்து நாலடி.
சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி விடுங்க.
மீன் பொரியேக்க
குழல் கேக்கணுமே.