இதர

செக்கானூரணியில் இறங்கி
உரக்கடை மணக்கும் பக்கம் திரும்பினால்
நாற்பத்திரண்டாவது எட்டில் எங்கள் சங்கம்.
வாடகை எண்ணூறு.
போன மாதத்தது பாக்கி.

நான் சோணை, பொருளாளர்.
பத்து ரூபாய்க்கும் இருபதுக்கும்
நீள வித்தியாசம் விரலுக்குத் தெரியும்.
புது நோட்டை என்னைக் கேட்டா அடித்தார்கள்,
பழகிக்கொண்டேன்.
சந்தா மாதம் இருபது, ஆள் அறுபத்தேழு.
சட்டத்தில் தாளைப் பூட்டி
ஆணியால் குத்திக் குத்தி
ஒன்பது வருடக் கணக்கு வைத்திருக்கிறேன்.
ஈரம் பட்டால் புள்ளி அமுங்கிவிடும்,
அதனால் பேரேட்டுக்கு அரிசி டின்.

இந்தப் பங்குனியில் நிதி வந்தது.
வந்தது என்றால், படிவம் வந்தது.
பதினெட்டுப் பக்கம்.
சக்கர நாற்காலியை விளக்கடியில் தள்ளிக்கொண்டுபோய்
பெத்தணன் வாசித்தான்:
"அடித்தள அமைப்புகளுக்கு முன்னுரிமை."
"அடித்தளம்தேன்" என்றாள் தலைவர் ஒச்சம்மா,
"மாடிக்கு யாரு ஏறுறா."

பயனாளிகள் எத்தனை பேர்?
அறுபத்தேழு.
நிர்வாகிகள் எத்தனை பேர்?
ஏழு. அந்த அறுபத்தேழுக்குள்ளேயேதேன்.
ஒரே ஆளை ரெண்டு கட்டத்துல எப்படிப் போடுறது?
கொடுக்கிறவன் ஒருத்தன் வாங்குகிறவன் ஒருத்தன் என்று
கோடு போட்டு வைத்திருந்தார்கள்.
ஒரு மணி நேரம் சண்டை.
காது கேளாத மைதீன்பீவி
என் உள்ளங்கையைப் பிடித்து
ஒரு வட்டம் எழுதினாள்.
டீ சொல்லவா என்று அர்த்தம்.

மூன்று வருடத் தணிக்கை அறிக்கை வேண்டுமாம்.
மதுரைக்குப் போனோம், நானும் ஒச்சம்மாவும்.
மேலமாசி வீதியில் ஆடிட்டர் ஆபீஸ்,
இருபத்தாறு படி.
காலிபரோடு அவள் கீழேயே நின்றுவிட்டாள்,
ஜவுளிக்கடை வாசலில்.

ஆடிட்டர் பேரேட்டைப் புரட்டினார்.
வெறும் தாளா இருக்கே,
இதை யாரும் படிக்க முடியாதே.
"நானும் இதுவரைக்கும்
உங்க கணக்கு ஒண்ணைக்கூடப் படிச்சதில்ல சார்.
நம்பித்தேன் ஏறி வந்திருக்கேன்."
கொஞ்ச நேரம் மின்விசிறி மட்டும் கடகடத்தது.
அப்புறம் நான் தடவித் தடவிச் சொல்ல
அவருடைய பையன் கணினியில் ஏற்றினான்.
இரண்டாம் வருடம் ஆடி மாதத்தில்
நாலு ரூபாய் உதைத்தது.
என் தப்புதான். சட்டைப் பையிலிருந்து கட்டினேன்.

இறங்கி வந்தால் ஒச்சம்மா கொதித்துக்கொண்டிருந்தாள்.
யாரோ ஒரு அம்மா
கையில் அஞ்சு ரூபாயைத் திணித்துவிட்டுப் போனாளாம்.
"ரசீது போடலாம்னு பேரு கேக்குறதுக்குள்ள
நடையைக் கட்டிட்டா.
வரவுல வையி."
வைத்தேன்.

செலவுத் தலைப்புகளையும் அவர்களே அச்சடித்திருந்தார்கள்.
பயிற்சி. பேனர். மதிய உணவு. புகைப்படம்.
வெளியிலிருந்து வரும் நிபுணர்,
அவருக்குத் தங்குமிடம்.

ஆட்டோ இல்லை.
ஊன்றுகோலைக் கண்டால்
நிறுத்தத்தைத் தாண்டிப்போய் பஸ் நிற்கிற ரோட்டில்
ஆட்டோ இல்லாமல்
எந்தப் பயிற்சிக்கு யார் வந்து சேர்வது?
மைதீன்பீவிக்குச் சைகையில் சொல்ல வருகிறவருக்குக் கூலி இல்லை.
வாடகை இல்லை.
வாசல்படியில் சாய்தளம் போட ஆறு மூட்டை சிமெண்டு,
அதுவும் இல்லை.

கடைசியில் ஒரு கட்டம்: இதர.
பெத்தணன் அதை இரண்டு தரம் வாசித்தான்.
எங்களை எங்கே வைப்பதென்று தெரியாதவர்கள் எல்லாம்
இதுவரை வைத்திருந்த இடம்.
அம்புட்டையும் அதில் எழுதச் சொன்னோம்.
கட்டம் சின்னது.
எழுத்து ஓரத்தில் ஏறி
தாளின் பின்பக்கம் போய்விட்டதென்றான்.

வைகாசி முடிவில் பதில் வந்தது.
'இதர' நூற்றுக்கு எழுபத்தொன்று வருகிறது.
பத்தைத் தாண்டக் கூடாது.
விளக்கம் தரவும்.

இரண்டாம் சனிக்கிழமை கூடுகிறோம்,
விளக்கம் எழுத.
அறுபத்தேழு பேருக்கும் சொல்லியாயிற்று.
ஆட்டோவுக்கும்.